உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு? வடக்கில் இருந்துகொண்டு போட்ட ஒரு கணக்கு

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று பின்னேரமே தங்கை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளைக்கு ஏழு ஏ, ஒரு பி, ஒரு சி. அந்த சி ஆங்கிலத்துக்கு. இனி உயர்தரம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு; அதற்கு ஒரு பிரிவைத் தெரிய வேண்டும்.

"அண்ணை, கணிதத்துக்கு விடுறதோ பயோவுக்கு விடுறதோ? நீங்கள் சொன்னால் சரி."

பிள்ளை கதிரை விளிம்பில் இருந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "மாமா, எதைப் படிச்சால் இஞ்சையே வேலை கிடைக்கும்?"

யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். இந்தக் கேள்விக்கு வாய் தானாகவே "கணிதம்" என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் அவள் கேள்வியில் "இஞ்சையே" என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லோடு சேர்த்துக் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் "உள்ளே போக", வலப்பக்கம் "வெளியே வர". ஒரு படிப்புக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம், அதை முடித்துக்கொண்டு வேலைக்குப் போவது எவ்வளவு கஷ்டம். எங்கள் வீடுகளில் இடப்பக்கத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம். வலப்பக்கத்தைப் பிள்ளைக்கு இருபத்தாறு வயது ஆனபிறகுதான் பார்க்கிறோம்.

பிரிவுகளுக்குப் போகுமுன் ஊரைப் பார்க்க வேண்டும். வடக்கில் சம்பளம் கொடுப்பது யார்? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு போனது. 2009க்குப் பிறகு தெருவும் வந்தது, ரயிலும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் ஆலை என்று சொல்ல, ஆடைத் தொழிற்சாலைகளை விட்டால் அதிகம் இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் மேல் மாகாணம் மட்டும் 40 வீதத்தை ஒட்டி வைத்திருக்கிறது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் கூட்டினால் 5 வீதம் தேறாது. ஆகவே இங்கே பெரிய முதலாளி அரசாங்கம்தான். அதற்கு அடுத்தபடி வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும், பிறகு கட்டட வேலை, கடைகள், தனியார் மருத்துவமனைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய மென்பொருள் நிறுவனங்கள்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கோணும்" என்று எங்கள் பாட்டன்மார் சொன்னது சோம்பேறித்தனத்தால் அல்ல. வட்டுக்கோட்டையில் 1823இல் மிஷனரிமார் தொடங்கிய செமினறியில் இருந்து ஆங்கிலம் படித்து வெளிவந்தவர்களுக்குக் கச்சேரி எனும் அரச அலுவலகத்திலும், பின்னாளில் அவர்கள் வழிவந்தவர்களுக்கு மலாயா ரயில்வேயிலும் கதிரை காத்திருந்தது. நிலம் வறண்டது, ஆலை கிடையாது, படிப்புத்தான் பயிர். பிறகு 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து கதிரையை இழுத்தது. எழுபதுகளில் தரப்படுத்தல், அதாவது எங்கள் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட அனுமதி முறை, வந்து பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. இவ்வளவும் நடந்த பிறகும் அந்தப் பழமொழி மட்டும் அசையவில்லை. இன்றைக்கும் வீட்டில் "வேலை கிடைத்துவிட்டதா?" என்றால் அரச நியமனம் வந்துவிட்டதா என்றுதான் பொருள்.

சரி, கலைப்பிரிவில் தொடங்குகிறேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் இங்கேதான் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

கலைப்பிரிவுக்குள் போவது சுலபம். கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் உயர்தரம் என்றாலே கலைதான். ஆய்வுகூடமும் இல்லை, பௌதிகவியல் ஆசிரியரும் இல்லை. விருப்பப்பட்டு எடுத்தவர்களைவிட வேறு வழியில்லாமல் எடுத்தவர்கள் அதிகம், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். நன்றாகப் படித்தால் கம்பஸும், அதாவது பல்கலைக்கழகமும், கிடைக்கும். ஆனால் வெளியே வரும்போது? 2017 பெப்ரவரி கடைசியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் பந்தல் போட்டு இருந்தார்கள். மட்டக்களப்பிலும் அதே நேரம் அதே பந்தல். நூறு நாளைத் தாண்டியது. நான் அந்த வழியால் சைக்கிளில் போகும்போதெல்லாம் உள்ளே பார்ப்பேன். வெயிலில் துவண்ட பதாகை, பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு மூலையில் யாரோ ஒரு தாய் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு போட்டிப் பரீட்சைப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவள். "சேர்" என்று எழும்பப் பார்த்தாள். இரு பிள்ளை என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். நின்று பேச வாய் வரவில்லை.

அவர்களில் பலருக்குப் பிற்பாடு நியமனம் கிடைத்தது உண்மை. 2012இலும் 2020இலும் அரசாங்கம் நாடு முழுவதும் பட்டதாரிகளை மொத்தமாக உள்ளே எடுத்தது. 2020இல் ஏறத்தாழ 50,000 பேர், மாதம் 20,000 ரூபா படியில் பயிலுநர்கள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒரு பெயர். ஒரு பிரதேச செயலகத்தில் ஒரு மேசைக்கு மூன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் முறை வைத்து இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்படி ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை கதவு திறந்ததால்தான் "எப்படியும் ஒருநாள் எடுப்பாங்கள்" என்ற நம்பிக்கை கலைப்பிரிவைத் தாங்கி நின்றது. 2022இல் நாடே விழுந்தது. ஆள் சேர்ப்பு நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். அது நாடு முழுவதுக்கும், எல்லாப் பதவிகளுக்கும் சேர்த்து. பழைய மாதிரிப் பட்டம் இருந்தால் போதும் என்று வாரி எடுக்கும் காலம் திரும்பி வரும் என்று எண்ணி ஒரு பிள்ளையின் பத்து வருடத்தை நான் பந்தயம் வைக்க மாட்டேன்.

ஆனால் கலைப்பிரிவு என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டுவதும் பிழை. அதற்குள்ளேயே இரண்டு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று சட்டம். இன்னொன்று மொழி: தமிழும் சிங்களமும் இரண்டும் எழுதத் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு அரச அலுவலகங்களில் இன்றும் ஆள் தட்டுப்பாடு. மூன்றாவது, கம்பஸ் மோகத்தில் நாங்கள் மதிக்காத கல்வியியற் கல்லூரி. கோப்பாயில் ஒன்று, வவுனியாவில் ஒன்று. இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். என் வகுப்பில் அடுத்தடுத்த வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகள். ஒருத்திக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) கொஞ்சம் கூட, கம்பஸ் போனாள். மற்றவளுக்குக் கொஞ்சம் குறைவு. அழுதழுது கோப்பாய்க்குப் போனாள். குறைந்தவள் இருபத்துமூன்றில் முல்லைத்தீவில் ரீச்சர். கூடியவள் இருபத்தொன்பதில் பயிலுநர். அந்த இரண்டு தாய்மாரும் இப்போதும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறார்கள், என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது.

இனி என் சொந்தப் பிரிவு. கணிதம். பக்கச்சார்பு இருக்கும், முன்னமே சொல்லிவிடுகிறேன்.

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் எடுத்து உச்சியைத் தொட்டால் மொறட்டுவை, பேராதனை, அல்லது 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம். பட்டம் முடித்தவர்களில் வேலையில்லாமல் இருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த வேலை கொழும்பில், அல்லது டோஹாவில், அல்லது மெல்பேர்ணில். வீதி அபிவிருத்தி, நீர் வழங்கல், மின்சார சபை என்று இங்கே இருக்கும் பதவிகள் கொஞ்சம்தான், அவையும் வெற்றிடம் வந்தால்தான். 2023 ஜனவரியில் வருமான வரி கூடியபோது எத்தனை பொறியியலாளர்கள் விமானம் ஏறினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருக்க வேண்டும் என்ற பிள்ளைக்குக் கணிதப் பிரிவு ஒரு நல்ல பஸ். நிற்கும் இடம் மட்டும் வேறு ஊர்.

உச்சியைத் தொடாதவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட நாட்டில் இடமில்லை. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் போட்டி கொதிக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கில் வருவதால் அவற்றுக்குத் தனி 5 வீத ஒதுக்கீட்டிலும் பங்கு உண்டு. ஒரே புள்ளி எடுத்த பிள்ளைக்கு ஆனையிறவுக்கு அங்கால் கதவு திறக்கும், இங்கால் மூடும். என்னிடம் வந்த கணிதப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் மூன்றாம் தடவையும் எழுதினார்கள். இருபத்திரண்டு வயதில் மூன்று எஸ்ஸோடு (ஆகக் குறைந்த சித்தியோடு) நிற்கும் பையனுக்கு நான் என்ன படிப்பித்தேன் என்று சில இரவுகளில் யோசித்ததுண்டு.

அப்படி விழுந்தவன் எங்கே விழுகிறான் என்பதுதான் கேள்வி. கணிதத்தில் விழுந்தவனுக்குத் தரை அவ்வளவு கடினமில்லை. உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் உயர் டிப்ளோமா, நில அளவை, கட்டடக் கணியவியல், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000இலிருந்து நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம். கட்டடக் கணியவியல், அதாவது கட்டடச் செலவைக் கணக்கிடும் க்யூ.எஸ்., படித்தவனை வளைகுடா இன்றும் கேட்கிறது. மென்பொருள் பக்கம் போனவர்களில் சிலர் யாழ்ப்பாணத்திலேயே இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு வேலை செய்கிறார்கள். யாழ் ஐ.ரி. ஹப் மாதிரியான முயற்சிகளால் அந்தப் பக்கம் ஒரு சிறு சந்தை உருவாகியிருக்கிறது. சிறியதுதான், ஆனால் "இஞ்சையே" என்ற சொல்லுக்குக் கணிதப் பிரிவு வைத்திருக்கும் ஒரே நேர்மையான பதில் அது.

உயிரியல் பிரிவைப் பற்றி ஊரில் இருக்கும் கணக்கு ஒற்றைக் கணக்கு: டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில்தான் பிள்ளைகள் உடைகிறார்கள். மருத்துவத்துக்கு உள்ளே போவது எல்லாவற்றிலும் கஷ்டம். வெளியே வருவது எல்லாவற்றிலும் சுலபம். படித்து முடித்தவருக்கு அரசாங்கம் உள்ளகப் பயிற்சி இடம் கொடுத்தே ஆகும் என்ற நிலை இன்றும் மருத்துவர்களுக்குத்தான் இருக்கிறது, தாமதமானாலும்.

ஆனால் நான் கொப்பியில் எழுதத் தொடங்கியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது மருத்துவம் அல்ல, அதற்குக் கீழே இருந்த வரிசை. தாதியர் பயிற்சி: முக்கியமாக உயிரியல், கணிதப் பிரிவுகளில் இருந்து எடுக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, மூன்று வருடம், படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு. மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடம், இவற்றுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம். சித்த மருத்துவம் கைதடியில். விவசாய பீடம் கிளிநொச்சியில். ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் ஒரு மருந்தகம், ஒரு ஆய்வுகூடம், தாதியர். தனியார் கிளினிக் இல்லாத சந்தி இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆலை இல்லாத ஊரில் நோயாளிகள் இருக்கிறார்கள். கணிதம் மேலே போகப்போக ஊரைவிட்டு வெளியே தள்ளுகிறது. உயிரியல் கீழே விழுந்தாலும் ஊருக்குள்ளேயே விழுத்துகிறது. கணித வாத்தியாருக்கு இதை எழுதக் கை கொஞ்சம் கூசியது.

வன்னிப் பாடசாலைகளில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை என்பது வருடாவருடம் கேட்கும் பாட்டு. கணிதம், உயிரியல் இரண்டு பிரிவுக்கும் அது விழுந்தால் தாங்கும் ஒரு வலை. தூரப் போக மனமிருந்தால்.

வர்த்தகப் பிரிவை நாங்கள் "கணிதமும் வராது, பயோவும் வராது" என்ற பிள்ளைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம். அநியாயம். 2009க்குப் பிறகு ஆஸ்பத்திரி வீதியில் எத்தனை வங்கிக் கிளைகள் வந்தன என்று நடந்து எண்ணிப் பார்த்தால் தெரியும். இந்தப் பிரிவுக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: இசட் புள்ளிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உயர்தரம் எழுதிய அடுத்த மாதமே கணக்கியல் தொழிற்பரீட்சைகளில் பதிந்து, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பழகிக்கொண்டே படிக்கலாம். கம்பஸ் போன நண்பன் முதலாம் வருடம் முடிக்கும்போது இவனிடம் இரண்டு வருட அனுபவம் இருக்கும். ஆனால் இந்த வழியில் கைபிடித்துக் கூட்டிப்போக யாரும் இல்லை. தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் சரி. மற்றவர்களுக்கு உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் கணக்கியல் உயர் டிப்ளோமா நல்லது. லீசிங் கொம்பனி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை: இலக்கு, இலக்கு என்று மாதக் கடைசியில் வீடு வீடாக அனுப்புவார்கள். என் பழைய மாணவன் ஒருவன் ஆறு மாதத்தில் ஓடிவந்துவிட்டான். "சேர், கடன் வாங்கினவன் அழுறான், நானும் அழுறன்" என்றான்.

தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைத் தொழில்நுட்பம். யோசனை நல்லது, பீடங்களும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் பட்டத்தின் பெயரைச் சொன்னால் வேலை கொடுப்பவருக்கு இன்னும் சரியாக விளங்குவதில்லை. பொறியியலாளரா, தொழில்நுட்பவியலாளரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கை வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளை எடுக்கலாம். கணிதத்துக்குப் பயந்து ஓடி வருகிற பிள்ளைக்கு இங்கேயும் கணிதம் இருக்கிறது.

இப்போது உயர்தரமே வேண்டாத வழி. இதைச் சொன்னால் தங்கை முகம் சுழிப்பாள் என்று தெரியும். ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் போன மாதம் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது.

திருத்த வந்தவன் என்னிடம் கணிதம் படித்து இரண்டு தடவை கோட்டை விட்ட பையன். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 எடுத்தவன். பெட்டியின் பின்னால் குந்தி இருந்து, கொம்பிரசரில் புறங்கையை வைத்துப் பார்த்தான். காதைக் கிட்டக் கொண்டுபோனான். கிளிக் என்றது, நின்றது. மறுபடி கிளிக் என்றது. "சேர், ரிலேதான் போட்டுது. கொம்பிரசர் பிழையில்லை, பயப்படாதையுங்கோ." ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் இருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துச் சொருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. எல்லாம் கால் மணித்தியாலம். அதற்குள் அவன் கைபேசி மூன்று தடவை அடித்தது: ஒரு ஹோட்டல், ஒரு கலியாண மண்டபம், காரைநகரில் இருந்து யாரோ. கூட ஒரு பையனை வைத்திருக்கிறான். இன்னொருவன் தேவையாம், ஆள் கிடைக்கவில்லையாம். அவன் மாதம் எடுப்பதைக் கேட்டேன். சொன்னான். என் ஓய்வூதியத்தை நான் சொல்லவில்லை.

பெண் கேட்டுப் போன இடத்தில் "தம்பி என்ன செய்யிறார்?" என்று கேட்டு, "ஃப்ரிட்ஜ் திருத்திறவராம்" என்று உள்ளே போய்ச் சொன்னார்களாம். பிறகு தேத்தண்ணி வரவில்லை. ஒரு படிப்பின் பெறுமதியை இங்கே சம்பளச் சிட்டையைவிடக் கலியாணத் தரகரின் குறிப்புப் புத்தகம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்காமல் "தொழிற்பயிற்சிக்குப் போ" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்வது நேர்மையில்லை.

வழிகள் இருக்கின்றன. அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். ஊரில் அதற்கு ஜேர்மன் ரெக் என்று பெயர். மோட்டார் வாகனம், மின், இயந்திரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம். மட்டம் 4 எடுத்தால் கைவினைஞர், 5, 6 டிப்ளோமா. அதற்கு மேல் இரத்மலானை தொழிற்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம்வரை ஏணி உண்டு. திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. பதினாறில் சாதாரண தரம் எழுதியவன் இருபதில் உழைக்கத் தொடங்கலாம். கணிதம் மூன்று தடவை எழுதி, கம்பஸ் கிடைத்து, தாமதங்களோடு நான்கு வருடம் படித்தவன் இருபத்தேழில்தான் முதல் சம்பளம் பார்க்கிறான். வீட்டில் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு, போரில் கால் இழந்த தாய் இருக்கிற பிள்ளைக்கு, அந்த ஏழு வருடம்தான் முழுக் கணக்கும். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். அந்த வரிசையிலும் கையில் சான்றிதழோடு நின்றவனுக்கும் வெறுங்கையோடு நின்றவனுக்கும் வித்தியாசம் இருந்தது.

எல்லாப் பிரிவையும் குறுக்கே வெட்டும் ஒரு விடயத்தைக் கடைசியில்தான் எழுதினேன். முதலில் எழுதியிருக்க வேண்டும். மொழி. ஒரே கம்பஸில், ஒரே துறையில், ஒரே வகுப்புச் சித்தியோடு வெளிவந்த இரண்டு பேரில் ஆங்கிலம் பேசுகிறவன் வேலைக்குப் போகிறான், பேசாதவன் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறான். சிங்களமும் தெரிந்தால் இன்னும் ஒரு கதவு: வங்கியின் தலைமை அலுவலகம், காப்புறுதி, மருந்துக் கொம்பனி, வவுனியாவுக்கு அங்கால் எல்லாமே. எங்கள் பிள்ளைகள் விடிய ஐந்து மணிக்கு இரசாயனவியல் ரியூசனுக்குப் போகிறார்கள். ஆங்கிலப் பாடவேளையில் இரசாயனவியல் கணக்குச் செய்கிறார்கள். நானும் அதைக் கண்டும் காணாமல் விட்டவன்தான், சில நாள் அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக் கணிதமும் படிப்பித்திருக்கிறேன்.

பெண் பிள்ளை என்பதையும் தங்கைக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. நாட்டின் வேலையின்மை 5 வீதத்தை ஒட்டி நிற்கும்போது, உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடம் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு, படித்த பெண்களிடம் அதிலும் கூட. படித்ததால் வேலை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. படித்த பெண் எந்த வேலைக்கும் போகலாம் என்று வீடு விடுவதில்லை. கொழும்பில் அறை எடுத்துத் தங்க விடுவதில்லை. இரவு வேலை வேண்டாம். கலியாணம் பேசும் வரைக்கும் ஏதாவது அரச வேலை வரும் என்று இருக்கச் சொல்கிறார்கள். ஒரு கட்டடத் தளத்தில் நிற்கும் பெண் பொறியியலாளரை இங்கே இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். வார்டில் நிற்கும் தாதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது சரியென்று சொல்லவில்லை. பிள்ளை நாளைக்கு நிற்கப்போகிற தரை இதுதான்.

கொப்பியில் இரண்டு பக்கமும் நிறைந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தங்கையிடம் சொன்னேன்: வெளியூர் போகத் தயார், கணிதத்தில் உண்மையாகவே விருப்பம், இரண்டு தடவை விழுந்தாலும் எழும்புவாள் என்றால் கணிதம். ஊரிலேயே நிற்க வேண்டும் என்றால் உயிரியல், ஆனால் டொக்டர் கிடைக்காவிட்டால் தாதியோ ஆய்வுகூடமோ போகலாம் என்று இன்றைக்கே வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டும். அப்படி ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் உயிரியல் வேண்டாம். மூன்று தடவை எழுதி மனம் உடைவதைவிட வர்த்தகம் எடுத்துப் பத்தொன்பதில் வேலை பழகலாம். எதை எடுத்தாலும் அந்த ஆங்கில சி இப்படியே இருக்கக் கூடாது.

"தாதியோ?" என்றாள் தங்கை. "ஏழு ஏ எடுத்த பிள்ளை, அண்ணை."

பிள்ளை முதல் தடவையாகக் கைபேசியைக் கீழே வைத்தாள். கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, உயிரியல் என்று எழுதியிருந்த இடத்தில் வலப்பக்கத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தாள். ஆய்வுகூடத்தில் விரல் நின்றது. "மாமா, இதுக்கு ரத்தம் எடுக்கோணுமோ, இல்லாட்டி எடுத்த ரத்தத்தைப் பாக்கிறதோ?"

பார்ப்பதுதான் பெரும்பாலும் என்றேன்.

"அப்ப பயோ." அந்தத் தாளை மட்டும் கிழித்து நாலாய் மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்தாள்.

தங்கை படலைவரை ஒன்றும் பேசாமல் வந்தாள். சைக்கிளை வெளியே எடுத்த பிறகு திரும்பிக் கேட்டாள்: "அண்ணை, பயோவுக்கு இப்ப ஆரிட்ட ரியூசன் நல்லம்?"